கொடியில் காயாத கைலி

"புருஷன் திரும்பி வந்ததை வெல்ஃபேர் ஆபீஸ்ல யார்கிட்டக்கா சொல்லணும்?"

ஜெராமிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். தனித்து வாழும் தாய்மாருக்கான உதவிப்பணம் வாங்குகிறவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"எப்ப வந்தாரு?"

"தைப்பூசத்துக்கு. யாரும் பாக்கக்கூடாதுன்னு அவரு கைலியைக்கூட குசினிக்குள்ளயே அடுப்புக்கு மேல காயப்போடுறேன்."

"லயத்து வீடுங்க அத்தனைக்கும் தெரியும் லா. யாராச்சும் போட்டுக்கொடுக்கறதுக்குள்ள நீயே சொல்லிடு. காசை நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்."

"காசு போனா சமாளிச்சிருவேன். 'இனிமே உங்ககூடவே இருப்பாரா'ன்னு ஆபீசர் கேப்பாங்களே?"

"ஆமான்னு சொல்லு."

அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனை மரங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதை நானே இன்னும் அவருகிட்ட கேக்கலக்கா."