அஞ்சு மணிக் கட்டம்

— இல்லீங்கம்மா, நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குச் சொல்ல வராது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.

— திரும்பறதா? காய்ச்சல்னு வந்தவளுக்கு இடுப்புல பிளேட்டு வச்சுப் படுக்கப் போட்டிருக்கீங்க. கழுத்து ஒண்ணுதான் என் இஷ்டத்துக்குத் திரும்புது. சரி, திரும்பிட்டேன். என்ன சிஸ்டரம்மா, கலர் புடவையில வந்திருக்கே? வியாழக்கிழமை உனக்கு லீவா?

— லீவு இல்லீங்க, போட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்றதுக்குன்னே வந்தேன்.

— உக்காந்து சொல்லு. புடவை நல்லாத்தான் இருக்கு.

— உக்கார நேரமில்லீங்க. பதினொரு மணிக்கு டாக்டர் ரூம்ல உங்க மகளை வச்சுப் பேசப்போறாங்க. அதுக்குள்ள சொல்லிடணும்.

— தெரியும். என்னை எந்த முதியோர் இல்லத்துல விடலாம்னு பேச்சு. நர்சைக் கூப்பிடற பெல் கையில இருந்தும் அடிக்கத் தோணாம, தானா எந்திரிச்சு பாத்ரூம் போய் விழுந்தவளை அடுப்பு இருக்கிற வீட்டுல தனியா விடலாமான்னு டாக்டர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

— பெல் உங்க கையில இல்லீங்கம்மா.

— என்ன சொன்னே?

— டிரிப்ஸ் ஸ்டாண்டுல மாட்டியிருந்தது. படுத்திருக்கிறவங்களுக்கு எட்டாது. நீங்க விழுந்து கிடந்தப்ப முதல்ல ஓடி வந்தது நான். உங்களைத் தொடறதுக்கு முன்னாடி என் கை அந்த பெல்லுக்குத்தான் போச்சு. எடுத்துத் தலையணை மேல போட்டேன். அப்புறம்தான் உங்ககிட்ட குனிஞ்சேன். பத்து நாளாச்சு. அதை நினைச்சா வாயில வச்சது இறங்க மாட்டேங்குது.

— பாத்துக்கிட்டுத்தானே கிடந்தேன்.

— பாத்தீங்களா? அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?

— கேளு. நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்தவ. நச்சரிக்கிற ஆளோட லைனை எத்தனை தடவை பிடுங்கி விட்டிருக்கேன் தெரியுமா? அன்னைக்கு மத்தியானம் மட்டும் உனக்கு ஒன்பது தடவை பெல் அடிச்சேன். ஜன்னலைத் திறன்னு ஒரு தடவை, மூடுன்னு ஒரு தடவை. எனக்கே என் மேல எரிச்சலா இருந்தது.

— எரிச்சல் வந்தது உண்மைங்க, இல்லேங்கலை. ஆனா வேணும்னு மாட்டலை, சத்தியமா. மூணு மணிக்கு பெட்ஷீட் மாத்தினேன். வயர் குறுக்கால வருதுன்னு ஸ்டாண்டுல மாட்டினேன். திருப்பிக் குடுத்தேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகம் வரலை. குடுத்திருந்தா அது எப்படி அங்கேயே தொங்கும்?

— ஒரு பொம்பளை ஒரே நம்பரை மறுபடி மறுபடி கேட்டா. யாரும் எடுக்கலைம்மான்னு சொல்லியும் விடலை. பிடுங்கிட்டேன். அப்புறம் அவ கூப்பிடவே இல்லை. என்ன அவசரமோ, யாரோட நம்பரோ. ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழிச்சும் அவ குரல் மட்டும் போகலை. கேளு, அது இருக்கட்டும். கட்டில் காலடியில தொங்கற அந்தப் பேப்பர்ல அன்னைக்கு நீ என்ன எழுதினே?

— அதைத்தான் சொல்ல வந்தேன். மணிக்கு ஒரு தடவை வந்து பாக்கணும். வலி இருக்கா, பாத்ரூம் போகணுமா, பெல் கைக்கெட்டுற இடத்துல இருக்கான்னு கேட்டு, அந்தந்த மணிக் கட்டத்துல டிக் போடணும். அன்னைக்குப் புது கேஸ் ரெண்டு ஒண்ணா வந்துடுச்சு. வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு, நாலு மணிக் கட்டத்துல டிக் போடறப்பவே அஞ்சு மணிக்கும் சேர்த்துப் போட்டுட்டேன். எல்லாரும் செய்யறதுதாங்க. போட்ட பிறகு ஓடி வந்து பாத்துடலாம்னு நினைப்போம். அன்னைக்கு அஞ்சு மணிக்கு நான் வரவே இல்லை.

— வரலை. நீ வருவேன்னு அஞ்சரை வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன். கூப்பிட்டும் பாத்தேன், காய்ச்சல் குரல், கதவைத் தாண்டலை. படுக்கையை நனைக்க மனசு வரலை. எந்திரிச்சேன்.

— இப்படி நிதானமாச் சொல்லாதீங்கம்மா. திட்டிடுங்க.

— திட்டினா எலும்பு கூடிருமா?

— நான் வந்திருந்தா அது முறிஞ்சே இருக்காது. முறிஞ்சதோட விட்டுச்சா? என் டிக்கையும் தலையணை மேல கிடந்த பெல்லையும் பாத்துத்தான் உங்களுக்கு மறதின்னு முடிவு கட்டியிருக்காங்க. கூட வேலை பாக்கிறவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? பேப்பர் சரியா இருக்கு, வாயை மூடிக்கோன்னு. எனக்கு முடியலீங்க. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். வேலை போனாப் போகட்டும். நீங்க உங்க வீட்டுக்கே போகலாம்.

— வீடா... கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும் அங்கே எனக்கு எதுவும் இடிக்காது. போகணும்னு எவ்வளவு ஆசையா இருக்குன்னு உனக்குத் தெரியாது. இருந்தாலும் நீ சொல்லக் கூடாது.

— ஏன் சொல்லக் கூடாது?

— மக வர்றா, செருப்புச் சத்தம் கேக்குது. நீ பேசாம இரு.

— அம்மா, கஞ்சி குடிச்சியா? யாரு இது, சிஸ்டரா? புடவையில அடையாளமே தெரியலை. நீங்க நில்லுங்க, நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அம்மாவை முதல்ல ஓடி வந்து தூக்கினது நீங்கதானாமே. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

— ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம். நான் உங்ககிட்ட ஒரு விஷயம்...

— ஏண்டி, இன்னைக்கு ஆபீஸ் இல்லையா உனக்கு? ஞாயித்துக்கிழமையா?

— வியாழக்கிழமைம்மா. காலையில வந்தப்பவும் இதைத்தான் கேட்டே.

— அப்படியா. பையனை ஸ்கூல்ல விட்டுட்டுத்தானே வந்தே?

— அவன் காலேஜ் முடிச்சு வேலைக்கே போயாச்சும்மா... பாத்தீங்களா சிஸ்டர். விழறதுக்கு முன்னாடி இப்படி இல்லை. இல்லை, இருந்திருக்கும், நான்தான் கவனிக்கலை. நான் கிளம்பறப்ப பெல் அம்மா கையிலதான் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா நீங்க வந்திருப்பீங்க. ஏன் அடிக்கலை, ஏன் அடிக்கலைன்னு அதே நினைப்பு எனக்கு. இன்னும் அரை மணி நேரம் கூட இருந்திருக்கலாமேன்னு தலையைச் சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்தது. மறதின்னு டாக்டர் சொன்ன பிறகுதான் கொஞ்சம் கண்ணை மூட முடிஞ்சது. யாரையும் குத்தம் சொல்ல வேண்டியதில்லை பாருங்க.

— மேடம், ஒரு நிமிஷம்...

— டாக்டர் வரச் சொல்லிட்டாரு சிஸ்டர். வந்து பேசறேன். அதுவரைக்கும் அம்மா பக்கத்துல இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— போயிட்டாளா? கதவைச் சாத்து.

— என்னம்மா செஞ்சீங்க இப்ப? நான் வந்ததும், வியாழக்கிழமை லீவான்னு கேட்டதே நீங்கதானே.

— நல்லா நடிச்சேனா?

— எதுக்கு இதெல்லாம்? எனக்காகவா? அப்படி ஒரு தயவு எனக்கு வேண்டாங்க. உங்களை அங்கே அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சியோட யூனிஃபார்ம் போடறது? இப்பவே போய் ஸ்டாண்டுல மாட்டினது நான்தான்னு சொல்றேன்.

— நில்லு. உனக்காக இல்லை. அந்த அஞ்சு மணிக்காக உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. அது போகாது, போகும்னு நீ எதிர்பாக்காதே. அதை மட்டும் உங்க மேட்ரன்கிட்ட சொல்லு, எழுதிக்கூடக் குடு. இன்னொருத்தி அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கக் கூடாது. ஆனா ஸ்டாண்டுங்கிற பேச்சே உன் வாயில வரக் கூடாது.

— ஸ்டாண்டைச் சொல்லாம, உங்களுக்கு மறதி இல்லைன்னு எப்படிங்க சொல்றது?

— சொல்ல வேண்டாம்.

— மாட்டினது என் கை. அதை நான் சொல்லக் கூடாதா?

— உன் கை இல்லை. பெட்ஷீட் மாத்தி முடிச்சதும் பெல்லை எடுத்து என் உள்ளங்கையில வச்சே. விரலைக்கூட மடக்கி விட்டே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அப்ப... அதுக்கப்புறம் யாரு?

— நாலு மணிக்கு மேல என் மக எனக்குத் தலை பின்னி விட்டா. வயர் முடியில சிக்குதுன்னு எடுத்து ஸ்டாண்டுல மாட்டினா. பின்னல் பாதியில ஆபீஸ்ல இருந்து போன். பேசிக்கிட்டே பையை எடுத்துக்கிட்டுப் போனவதான். அவளுக்கு அது சுத்தமா ஞாபகம் இல்லை. நீ ஸ்டாண்டுன்னு சொன்னா வந்துடும் சிஸ்டர். மறதி எனக்குன்னே இருந்துட்டுப் போகட்டும்.