சிமெண்டுக்கு எழுதிய குடிதண்ணீர்

சிதம்பரத்துச் சீமையிலே கூடியிருக்கும் இந்தச் சிறப்பான அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பொறியாளர் தில்லைநாதன் ஐயா அவர்களே! கறுப்பு அங்கி அணிந்து காரியத்தைக் கடைந்தெடுக்கும் வழக்கறிஞர் பெருமக்களே! கல்லும் கம்பியும் கலவையும் அறிந்த காண்ட்ராக்டர்களே! குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவருக்கும் தாண்டவராயனின் தலைதாழ்ந்த வணக்கம்.

காலையிலிருந்து இந்தக் கட்டட ஒப்பந்த மாநாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை தாமதமானால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் சாப்பாட்டு வேளை வரைக்கும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் ஏறியிருக்கிறேன்.

என்ன தம்பி, மைக்கைக் கிட்டே வைக்கவா? வேண்டாம் ராசா. அலை இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. தள்ளி இருந்தால்தான் உங்கள் காதுக்கு நல்லது.

கடல் ஊருக்குள் வந்து போய்ப் பதினாறாம் மாதம். கடலூர் முதுநகருக்குக் கிழக்கே எங்கள் சனத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டியது. ஆறு வீடு, ஒரே வரிசை, கூரைக்கு ஒரே கான்கிரீட் தளம். படகைப் பறிகொடுத்த நான் அங்கே தண்ணீர் கட்டும் வேலைக்குப் போனேன். புதுத் தளத்தின் மேல் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் தேக்க வேண்டும். தேக்காவிட்டால் தளம் வெடிக்கும். அதற்காகத் தினமும் ஒரு டேங்கர் வரும்.

பக்கத்திலேயே தகரக் கொட்டகை. வீடு இழந்த சனமெல்லாம் அதற்குள். கிணறுகளோ உப்பு. அமாவாசைக்கு மறுநாள் தளம் போட்டோம். ஐந்தாம் பிறையன்று கொட்டகைக்கு வரும் குடிதண்ணீர் வண்டி நின்றுபோனது. சித்திரை வெயில்! எனக்கு மருமகள் முறையாகும் சௌந்தரம் குடத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, புள்ளைங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு கொடம் குடு."

"இது தளத்துக்கு வந்த தண்ணி சௌந்தரம்."

"தளம் அழுவுதா மாமா? எம் புள்ள அழுவுது. எது மொதல்ல?"

சட்டம் படித்தவர்களே, அவளுக்கு உங்களில் யார் பதில் சொல்வீர்கள்? நான் குழாயைத் திறந்தேன். ஒரு நாளா? ஏழு நாள் திறந்தேன். தளத்துக்கு மூன்று நாள், தாகத்துக்கு ஏழு நாள். பன்னிரண்டாம் பிறையன்று காய்ந்த பாத்தியை உடைத்தேன். ஆனால் ஒவ்வொரு மாலையும் சின்ன என்ஜினீயர் ஜெயசீலன், 'தண்ணீர் கட்டியாயிற்று' என்று எழுதிப் பதிவேட்டை நீட்டுவார். மேலே ஏறிப் பார்க்கமாட்டார், என்னை நம்பினார். நானும் கட்டைவிரலை வைத்தேன்.

ஐப்பசி மழையில் சௌந்தரத்தின் வீடு உட்பட ஆறு வீட்டுத் தளமும் ஒழுகியது. சிமெண்டைக் குறைத்துவிட்டாய் என்று நிறுவனம் காண்ட்ராக்டரைப் பிடித்தது. என் என்ஜினீயர்தான் திருடினான் என்று காண்ட்ராக்டர் கைகாட்டினார். ஜெயசீலனுக்கு வேலை போனது. மாதா கோயிலில் ஓலை வாசித்து அறிவித்திருந்த அவர் கல்யாணமும் நின்றது.

கடலூரில், ஒப்பந்தத் தகராறு தீர்க்கும் நடுவர் முன்னால் விசாரணை. மூட்டை மூட்டையாகக் காகிதம். கடைசியாக என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, பத்து நாளும் தண்ணீர் கட்டினீரா? இது உம்முடைய ரேகைதானே?" என்றார்கள்.

ஆமாம் என்றால் பழி சிமெண்டின் மேல் விழும், சௌந்தரத்துக்குப் புதுத்தளம் கிடைக்கும். திருடாத பிள்ளை திருடனாவான். இல்லை என்றால் பிள்ளை பிழைப்பான்; தண்ணீரைக் குடித்துக் கெடுத்தது ஊர்ச்சனம் என்று ஆறு வீடும் அநாதையாகும். எதைச் சொல்வேன்? நீங்கள் நின்றிருந்தால் எதைச் சொல்வீர்கள்?

"ரேகை என்னுதுங்க. ரேகை சொல்றது பொய்ங்க. மூணு நாள்தான் கட்டுனேன். மிச்சத்த சனம் குடிச்சிடுச்சு" என்றேன்.

வாசலிலேயே சௌந்தரம் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கியா மாமா? குடிச்ச தண்ணிய கோர்ட்டுல வாந்தி எடுக்க வச்சிட்டியே! இனிமே எங்க தலைக்கு மேல யாரு வந்து கூரை போடுவா, உன் உண்மையா?"

சிரிக்காதீர்கள் அம்மா. அடுத்த மழைக்காலம் முழுக்க அவள் பிள்ளைகள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. அவள் என்னோடு பேசவில்லை.

என் சாட்சிக்குப் பிறகு தளத்தில் துளை போட்டுத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள், சிமெண்டில் குறையில்லை. பிறகு நடுவர் ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். கான்கிரீட்டுக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீரே வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பக்கத்துக் கொட்டகை மனிதர்களுக்குக் குடிதண்ணீர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்றார். புரட்டினார்கள். திரும்பப் புரட்டினார்கள். இருநூறு பக்கம். ஒரு வரி இல்லை!

ஜெயசீலன் திருடனல்ல, ஏறிப் பார்க்காதது பிழை. குடித்தவர்கள் மேல் குற்றமில்லை. நிறுவனமும் காண்ட்ராக்டரும் சேர்ந்து தளத்தைச் செப்பனிட வேண்டும். இதுதான் தீர்ப்பு. நின்ற கல்யாணம் நின்றதுதான்; அதை எந்த நடுவர் மீட்பார்? பொய் ரேகை உம்முடைய தப்பு என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். இன்றைக்கும் ஆமாம்தான்.

குழாயைத் திறந்த அன்று மாலையே ஜெயசீலனிடம் சொல்லியிருந்தால் இன்னொரு டேங்கர் வரவழைத்திருப்பார். ஏன் சொல்லவில்லை? பயந்தேன். பிள்ளையின் தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரை நானே திருட்டு என்று நினைத்தேன். அப்படி நினைக்க வைத்தது எது? எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி!

ஆகவே ஐயா, நாளைக்கு நீங்கள் அடுத்த ஒப்பந்தம் எழுதுவீர்கள். எழுதுமுன் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். சுற்றிலும் எத்தனை வாய் என்று பாருங்கள். அந்த வாய்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதல் வரியை எழுதுங்கள். சிமெண்டுக்கு இரண்டாவது வரியில் எழுதுங்கள். சிமெண்டு கோபித்துக்கொள்ளாது.

என்னையும் ஏற்றிப் பேசவைத்த தலைவருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வாழ்க நீங்கள், நிற்க நீங்கள் கட்டுவதெல்லாம். வணக்கம்.