சஹனை விட்டு எழும்பினது

ஸைனப்: நேரா இருங்க. சாஞ்சா திரும்பவும் மேல வரும்.

மொஹிதீன்: நேராத்தான் ஈக்கேன். பஸ்தான் சாயுது.

ஸைனப்: ஹாலிஎல தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்க வேணாமென்டு ஈந்தேன்... இப்ப கேக்கிறேன். என்ன வேல பாத்தீங்க நீங்க?

மொஹிதீன்: என்ன வேல?

ஸைனப்: புள்ளயக் கலியாணம் முடிச்சுக் குடுத்து மூணு மாசம். மொத மொதலா சம்மந்தி ஊட்டு விருந்து. நாலு ஆம்புளயள் ஒரே சஹன் தட்டச் சுத்தி இருந்து கை வெச்சுத் தின்னக்குள்ள, நீங்க பாதியில எழும்பிட்டீங்க. ஒரு ஆள் எழும்பினா மத்தவங்க எப்பிடித் தின்னுற? சம்மந்தி அப்பிடியே கைய எடுத்துட்டாராம். மருமகன் மிப்ரான்ட மொகமே சுருங்கிட்டாம்.

மொஹிதீன்: நெஞ்செரிவு, ஸைனப். அது செல்லிட்டா வருது?

ஸைனப்: காலையில வெறும் வகுத்துல மருந்து தந்தேன். அப்புத்தளையில பஸ் ஏற முந்தி ரெண்டு பிஸ்கட் திங்க வெச்சேன். பிளேன்டீ கேட்டீங்க, தரல்ல.

மொஹிதீன்: தரல்லதான்.

ஸைனப்: பின்ன எப்பிடி வந்திச்சு? எத்தன கலியாண ஊட்டுல தின்னீக்கீங்க. ஓரத்துச் சோத்தக் கிள்ளிக் கிள்ளித் தின்னுட்டு, எறச்சிய எல்லாம் அடுத்தவங்க பக்கம் தள்ளுவீங்க. அவங்களும் "மொஹிதீன் நானாக்கு என்ன மரியாத" என்டு செல்லுவாங்க. எட்டு வருசமா ஒங்கட நெஞ்செரிவு வெளிய ஒருத்தருக்கும் வெளங்கல்ல. இன்டைக்கு மட்டும்...

மொஹிதீன்: இன்டைக்கும் தள்ளினேன். சம்மந்தி திருப்பித் தள்ளிட்டார்.

ஸைனப்: பகிடி வேணாம்.

மொஹிதீன்: மெய்யாத்தான். ஒரே துண்டு, நாலு தரம் போய் வந்திச்சு.

ஸைனப்: சிரிப்புக் காட்டாதீங்க. எனக்கு இன்டைக்கு ஒரு வாய் எறங்கல்ல. நான் எதுக்கு வந்தேன்? மக நப்லாக்கிட்ட தனியா ஒரு வார்த்த கேக்க. போன் எடுத்தா "நல்லா ஈக்கேன் உம்மா" என்டுறா, பக்கத்துல மாமிட சத்தம். நேர்ல வந்தாலும் அந்தக் கததான். குசினிக்குப் போனா மாமியும் வாறா. உடுப்புக் காயப்போட்ட எடத்துக்கும் வந்துட்டா.

மொஹிதீன்: அப்ப நீ கேக்கவே இல்லயா?

ஸைனப்: அவவ வெச்சுக்கிட்டு என்னத்தக் கேக்கிற... "சொகமா மக?" என்டேன். "நல்லா ஈக்கேன் உம்மா" என்டா. போன்ல செல்லுற அதே மாதிரி. எனக்குப் பயமா ஈக்கி. மெலிஞ்ச மாதிரியும் தெரியுது.

மொஹிதீன்: மெலியல்ல.

ஸைனப்: ஆம்புளயள் பக்கம் குந்தி இருந்தவருக்கு என்ன தெரியும்?

மொஹிதீன்: எழும்பிப் பின்பக்கம் போன எனக்குச் சுடுதண்ணி கொண்டு வந்தது அவதானே.

ஸைனப்: ஆ... அதயும் கேக்கணும். நான் உள்ளுக்கு ஈந்தேன். பின்பக்கம் நப்லாட சத்தம் கேட்டிச்சு. என்ன அது?

மொஹிதீன்: ஏசினா.

ஸைனப்: யாருக்கு?

மொஹிதீன்: எனக்குத்தான். "பொரிச்ச எறச்சி திங்க வேணாமென்டு எத்தன தரம் செல்லுற வாப்பா, ஒங்களுக்குக் காது கேக்கிறல்லயா" என்டு.

ஸைனப்: மெதுவாத்தானே?

மொஹிதீன்: பக்கத்து ஊட்டுக்கும் கேட்டீக்கும்.

ஸைனப்: யா அல்லாஹ்... மாமி ஈந்தாவா?

மொஹிதீன்: கிட்டத்தான் ஈந்தா. மருமகனும் ஓடி வந்தார். அவருக்கும் ஏச்சு. "வாப்பாக்கு ஒறப்பில்லாம வேறயா ஆக்கி வெச்சேனே, ஏன் அத எடுத்து வெக்கல்ல" என்டு.

ஸைனப்: மாப்புளக்குமா? மாமிக்கு முன்னுக்கா? போச்சு... வாப்பா பாதியில எழும்புறார், மக வாய் காட்டுறா. நல்லா வளத்தீக்காங்க என்டு நாளைக்கு ஊரே கதைக்கும்.

மொஹிதீன்: மாமி சிரிச்சா.

ஸைனப்: சிரிச்சாவா?

மொஹிதீன்: "இவ இப்பிடித்தான் நானா, எனக்கும் தேத்தண்ணிக்குச் சீனி போட விடமாட்டா" என்டா. அப்பிடிச் செல்லக்குள்ள நப்லாட தோள்ல கை போட்டீந்தா.

ஸைனப்: தோள்லயா...

மொஹிதீன்: ம்.

ஸைனப்: நீங்க பொய் செல்றல்லயே?

மொஹிதீன்: கண்ணால பாத்தத செல்றேன்.

ஸைனப்: சரி... ஆனா நெஞ்செரிவுக்காரர் இப்பிடிச் சிரிச்சிக்கிட்டு வாறத நான் இன்டைக்குத்தான் பாக்கிறேன். இப்ப எப்பிடி ஈக்கி? எரியுதா?

மொஹிதீன்: எரியவே இல்ல, ஸைனப். உம்மாக்கே அந்தப் புள்ளயத் தனியாப் பாக்க ஏலாட்டி, வாப்பாக்கு வேற என்ன வழி? நெஞ்சப் புடிச்சிக்கிட்டு எழும்பினா தண்ணியோட ஓடி வருவா, சொகமா ஈக்கியா என்டு கேட்டுப்போடலாம் என்டுதான் எழும்பினேன். ஏசின ஏச்சுல கேக்கத் தேவப்படல்ல. பயந்துக்கிட்டு ஈக்கிற புள்ள அந்த ஊட்டுல நின்டு அவ்வளவு சத்தம் போடாது.