ரத்தினம்மாள் பிரிக்காத உர மூட்டை

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் சுப்ரமணியன் அவர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் ரெமிஜியஸின் துணைவியார் அவர்களே, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வேலையை நிறுத்திவிட்டு இந்த அடுகோடி மண்டபத்துக்கு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! வணக்கம் சொல்லக் கை எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மண்ணியல் முனைவர் ரெமிஜியஸ் மறைந்துவிட்டாரா? போன வாரம்கூட எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் என் காபியைப் பிடுங்கிக் குடித்த மனிதரா?

தொண்ணூற்றெட்டில் நம் சங்கத்து ரத்தினம்மாளின் குடிலில் குடைமிளகாய் இலைகள் வெளுத்தன. செடிக்குப் பசி என்று நினைத்து, எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். கோழி எரு போட்டார், அதன்மேல் டி.ஏ.பி. உரம் போட்டார். இன்னும் வெளுத்தது; இன்னும் போட்டார். கடைசியில் குடிலைக் கழற்றிவிட்டு, நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்கவே துணிந்துவிட்டார்.

அப்போதுதான் ரெமிஜியஸ் வந்து மண்ணைச் சோதித்தார். "இது பசி இல்லம்மா, அஜீர்ணம். பயிருக்குப் பயிர் எருவும் டி.ஏ.பி.யும் கொட்டுறீங்க, ரெண்டுலயும் பாஸ்பரஸ். செடி எடுக்கிறது கொஞ்சம். மிச்ச பாஸ்பரஸ் எல்லாம் மண்ணுலயே சேருது. அது ஜாஸ்தி ஆனா துத்தநாகத்தையும் இரும்பையும் செடிக்குப் போக விடாது."

நடவன்று டி.ஏ.பி. மூட்டைக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். ரெமிஜியஸ் கைகட்டி நின்றார். கற்பூரம் அணைந்ததும், "பூஜை ஆச்சில்ல? மூட்டைய கடைக்கே அனுப்பிடுங்க" என்றாரே பார்க்கலாம்!

"பூஜை போட்ட மூட்டைய வாபஸ் அனுப்பினா ஆகாது சார்."

"அப்போ சாமிகிட்டயே இருக்கட்டும். யாரும் பிரிக்காதீங்க."

எத்தனை பேர் சிரித்தோம்! பயிர் போனால் யார் பொறுப்பு? அந்தக் கவலையில் ரெமிஜியஸ் தூங்கினாரா என்று அவர் துணைவியாரைக் கேளுங்கள். சொட்டுநீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும். இலைக்குத் துத்தநாகத் தெளிப்பு. ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் நேரே குடிலுக்கு வந்துவிடுவார். துளிர் பச்சையாக வந்த அன்று அவர் போட்ட கூச்சல் ஹோசூர் ரோடு வரை கேட்டிருக்கும்! அதன்பிறகு, நடவுக்கு நடவு அதே மூட்டைக்குத்தான் பூஜை.

அடக்கம் முடிந்து திரும்பிய அன்றே உரக்கடை ஆள் ரத்தினம்மாளிடம் கேட்டானாம்: "சார் போயிட்டாரு. இனிமே டி.ஏ.பி. எறக்கிடலாமா?"

கேட்டீர்களா, பெரியோர்களே! அவர் போனதும் நாமும் மாறிவிடுவோம் என்று எண்ணிவிட்டானே! ரத்தினம்மாள் சொன்னார்: "மொதல்ல மண்ண டெஸ்ட் பண்ணட்டும். மண்ணு கேட்டா, இருக்கிற மூட்டைய பிரிச்சுக்கிறேன்."

நண்பரே ரெமிஜியஸ்! இனி ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் மண்ணெடுக்க நான் போவேன். இந்த முறை எடுத்துச் சோதித்தும் பார்த்துவிட்டேன். மண் இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நடவு. பழைய மூட்டைக்குப் புதுக் குங்குமம் வைப்பார்கள். கற்பூரம் அணைந்ததும், நீங்கள் நின்ற இடத்தில் நின்று நான் சொல்வேன்: "யாரும் பிரிக்காதீங்க."