மடக்கிய குடைகள்

வத்தேகமயில் பஸ் ஏறிய தேயிலைத் தோட்டக் கங்காணியும் அவர் மைத்துனனும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். ஆளுக்கொரு நல்ல குடை கையில் இருந்தது. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததும் மைத்துனன் சொன்னான்:

"நம்மளாலதான் மச்சான் அந்த வெள்ளக்காரரும் நனைஞ்சாரு."

"நான் என்னத்தப் பண்ண மாப்ள? தோட்டத்துல தொரை எதுர வந்தா குடைய மடக்கிப் பழகின கை. இவரு ஊர் பாக்க வந்தவருன்னு கைக்குத் தெரியுமா?"

"நாம மடக்கினதும் அவரும் மடக்கிட்டாரே!"

"அதுதான் எனக்கு வெளங்கல. கொட்டுற மழையில சிரிச்சிக்கிட்டுக் கும்பிடு வேற போடுறாரு."

"கூட வந்த ஆளு சொன்னானே. நம்ம ஊரு வழக்கத்துக்கு மரியாத குடுக்கிறாராம்."

"நல்ல மனுசன்தான்."

"அப்பவாச்சும் நாம விரிச்சிருக்கலாம்ல?"

"அவரு நனையும்போது நாம எப்புடிடா விரிக்கிறது?"

"நாம விரிச்சாத்தான் அவரு விரிப்பாரு போல. அப்புடியே பாத்துக்கிட்டு நின்னாரு."

"பஸ்சு வந்துச்சு, தப்பிச்சோம்."

மைத்துனன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான்.

"நாம தப்பிச்சோம் மச்சான். இன்னிக்குச் சந்த நாளு. எல்லாத் தோட்டத்து ஆளுகளும் குடையோட அந்த ரோட்டுலதானே வருவாங்க!"