சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது

காபி ஆறிவிடுமே என்ற அவசரத்தில் படத்தை மாற்றிப் போட்டேன். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். போலிப் பட்டு விற்றுப் பிடிபட்ட ஒருவனைப் பற்றிய செய்தி அது. 2001. எங்கள் இணையதளத்தின் கைவசம் இருந்த ஒரே நெசவாளர் படம், பிள்ளையார்பாளையம் திருஞானசம்பந்தத்துடையது. அதை எடுத்தவனும் நானே. பத்திரிகையில் நான் கம்ப்யூட்டர் பத்தி எழுதிய காலத்தில், கம்ப்யூட்டரில் சேலைப் புட்டா வரைந்த நெசவாளர் என்று அவரைக் கொண்டாடியிருந்தேன்.

இப்போது நான் தளத்தின் தலைமை நிர்வாகி. சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள். சுற்றினால் எனக்குத் தலை சுற்றும்.

அடுத்த வாரமே சம்பந்தம் போன் செய்தார். "அச்சுத் சார், என் மூஞ்ச எடுத்துடுங்க. தினம் ஒருத்தன் பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தாந்து நெசவாளர் சங்கத்து வாசல்ல ஒட்டிக்கினு இருக்கான். எனக்குப் பாவு நூலே தரமாட்டேன்றாங்க."

"சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, கொஞ்ச நாளாகும்" என்றேன். சர்வர் அமெரிக்காவில்தான் இருந்தது. எனக்குப் பொய் பிடிக்காது.

வாசகர்கள் அந்த முகத்தைத் திட்டி எழுதினார்கள். திட்டைப் படிக்க இன்னும் பலர் வந்தார்கள். முதலீட்டாளர்கள் வரவிருந்த நேரம். கூட்டம் சேரும் பக்கத்தில் யாராவது கை வைப்பார்களா?

ஏழு மாதம், திங்கட்கிழமைதோறும் சம்பந்தம் போனில் பேசினார். ஒருமுறைகூட நான் போனை எடுக்காமல் இருந்ததில்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு.

எட்டாவது மாதம், தறிக்கு மேலிருந்த உத்தரத்தில் தொங்கினார். அஞ்சலிச் செய்தியை நானே எழுதினேன். நிஜமாகவே அழுதேன். அதே படத்தைப் போட்டு, பழைய செய்திக்கு இணைப்பும் கொடுத்தேன். அன்றைக்குத்தான் தளத்துக்கு அதிகக் கூட்டம்.

பிறகு, என் தவறா என்று பார்த்தவரையெல்லாம் கேட்டேன். ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. நண்பன் ராமானுஜ் "எல்லாம் விதிடா" என்றான். ஸ்டேஷனுக்கே போனேன். இதற்கெல்லாம் செக்‌ஷன் இல்லை என்ற இன்ஸ்பெக்டர், தன் பையனுக்கு ஒரு இ-மெயில் ஐடி போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

கடைசியில் சம்பந்தத்தின் மகள் மஹாலட்சுமியைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் சென்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதானாம்மா?"

செருப்பை மாட்டியபடியே சொன்னாள்: "அப்பா உங்கள நம்பிக்கினே இருந்தாரு சார். அமெரிக்காவுல அழிச்சிக்கினு இருக்காங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு இருந்தாரு. ஒரு படத்த எடுக்க எவ்ளோ நேரமாகும்னு சென்டர்ல கேட்டேன். அரை நிமிஷமாம். ஆமா சார், உங்களாலதான்."