கூட்டாளி சொல்லும் பாதை

முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் மோசம் என்று எங்கள் பிரௌசிங் சென்டருக்கு வரும் பையன்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள் மேடம், அதனால் சொல்கிறேன். வேற்றுக் கிரகம். நமக்கு ஒரு முகாம். குட்டி இயந்திரங்கள் தாது வெட்டிக்கொண்டு வரும். அதை வைத்துப் படை கட்ட வேண்டும். நம் முறை, அவன் முறை என்று கிடையாது. நாம் யோசிக்கும்போதே எதிரி கட்டிக்கொண்டிருப்பான். நாம் ஆள் அனுப்பாத இடமெல்லாம் திரையில் கறுப்பு. முதல் பாகத்தில் கூட்டாளி பார்ப்பது நம் திரையிலும் தெரியும். இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கூட்டாளி வாயால் சொன்னால்தான் உண்டு. பையன்களுக்கு அதுதான் எரிச்சல். மருதுபாண்டிக்கு மட்டும் புதிதாக வந்த இன்னொன்று பிடித்திருந்தது. வேலைக்கார இயந்திரம் ஒன்று அழிந்தால், அடுத்தது தானாக வந்து நிற்கும்.

"ஒண்ணு போனா ஒண்ணு. சொல்லக்கூட வேணாம்" என்று சிரிப்பான்.

மருதுபாண்டி குருநாதனின் மகன். எங்கள் ஊரில் கருவை மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் குருநாதன். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயைப் போட்டு நாள்கணக்கில் புகையவிடுவார்கள். வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு. விறகு கரியாகக் கரியாக மேட்டுக்குள் குழி விழும். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, மூட்டத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது, மேலே மண் போடு என்று, தன்னிடம் கூலி வேலை பார்த்த என் அய்யா கூத்தையாவை ஏறச் சொன்னார். சூடு ஆறவில்லை என்று அய்யா சொல்லியிருக்கிறார்.

"ஏறுலே" என்றாராம் குருநாதன்.

மேடு அய்யாவோடு உள்வாங்கியது. போலீஸ் வந்தபோது, பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற மருதுபாண்டி, "குடிச்சுட்டு ஏறுனான், நான் பாத்தேன்" என்றான். என் அய்யா சாராயத்தைத் தொட்டதில்லை. ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. பட்டம் வாங்கியும் நான் குடித்துச் செத்தவன் மகள்தான்.

அந்தப் பட்டத்துக்கு ராமநாதபுரத்தில் பிரௌசிங் சென்டர் வேலைதான் கிடைத்தது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட மருதுபாண்டி அங்கே விளையாட வந்து சேர்ந்தான். ஒருநாள் கூட்டாளிக்கு ஆள் இல்லாமல் என்னைக் கேட்டான்.

"சேதுலட்சுமி அக்கா, ஒரு ஆட்டம் வாரீகளா? இங்கன வேணா அக்கான்னு கூப்பிடுறேன். ஊருக்குள்ள எதிர்பாக்காதீக."

உட்கார்ந்தேன். நான் உளவு பார்ப்பேன், அவன் படையை நகர்த்துவான். "கிழக்க போகாத, மேட்டுக்குப் பின்னாடி நிக்கிறான்." "தெக்க காலி, ஏறு." ஒரு தடவைகூட நான் பொய் சொன்னதில்லை. முதலில் ஒரு வண்டியை அனுப்பிச் சரிபார்ப்பான். போகப்போக அதையும் விட்டுவிட்டான். நான் வாயைத் திறந்தால் அவன் கை நகரும்.

எங்கய்யா அன்னைக்குக் குடிச்சிருந்தாரா என்று ஒரு நாள் கேட்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. அப்பா சொல்லச் சொன்னாக, சொன்னேன்."

"அதை ஊருக்குள்ள சொல்லு."

"அட, அதெல்லாம் முதல் பாகம்க்கா, விடுங்க. வடக்க எவனோ வாரான், அதப் பாருங்க."

பார்த்தேன். சரியாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அவன் 'சரி' என்றிருந்தால் நான் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அம்மா இன்னும் அதே குருநாதனின் மூட்டத்தில்தான் கரி பொறுக்குகிறாள். ஆட்கள் தள்ளி மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருதுபாண்டி மூட்டத்தின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். லாரி வரப்போகிறது, மூட்டத்தைப் பிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். என் பக்கம் வெடிப்பில் நூல்மாதிரி புகை வந்தது. செருப்பைத் தாண்டிக் கால் சுட்டது.

"அங்கன எப்படி?"

"ஆறிருச்சு. ஏறு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓர் ஆளை ஏற்றிப் பார்த்திருப்பான். நான் சொன்னதால் கையைக்கூட வைத்துப் பார்க்காமல் ஏறினான். உச்சியில் இடுப்புவரை உள்ளே இறங்கினான். பக்கத்தில் நீளக் கம்பு ஒன்று கிடந்தது. நீட்டியிருந்தால் பிடித்திருப்பான். ஓரடி முன்னால் போய், அதை அவனுக்கு எட்டாமல் இழுத்துப் போட்டேன். ஓடி வந்தவர்களிடம், "குடிச்சிருந்தாரு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவன் உடம்பில் சாராயம் இல்லை என்று போஸ்ட்மார்ட்டத்தில் டாக்டர் எழுதியதாகச் சொன்னீர்கள். என் அய்யாவுக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆமாம், ஏறச் சொன்னது நான்தான். சாகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் ஏதாவது கத்தினானா என்று கேட்டீர்கள். நான் அந்த ஓரடி முன்னால் போனதைப் பார்த்துவிட்டு, "கிட்ட வராதீக, உள்ள பூரா கங்கு" என்று கத்தினான். அதை இரக்கம் என்று எழுத வேண்டாம் மேடம். விளையாட்டில் வந்த பழக்கம் அது. தனக்குத் தெரிந்ததைக் கூட்டாளிக்குச் சொன்னான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நன்றாக யோசித்துவிட்டேன். அன்றிலிருந்து அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.